ஏழாவது பாரம்

ஏழாவது பாரம் மாறிப்போய்விட்டது. பாரம் என்றால் பதினாறு பக்கம். பெரிய தாளில் அடித்து, மடித்து, வரிசையாக அடுக்கி, முதுகில் பசை போட்டால் புத்தகம். என் நாவலில் ஆறாவது பாரத்தை அடுத்து இருப்பது என்னுடையது இல்லை. வேறொருவனுடையது வந்து உட்கார்ந்திருக்கிறது. தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில், வீட்டை விட்டுப் போன அண்ணன் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து வாசல் கேட்டின் மேல் கை வைக்கிறான். திருப்பினால், 'அலாரத்தை அணைக்கிற கை உங்கள் கை அல்ல, உங்கள் எதிரியின் கை' என்று இருக்கிறது. முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு அடுக்கிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தேன். அதிலும் எதிரியின் கை. அடுத்ததிலும். அச்சான பிறகு என் புத்தகத்தை நான் திறப்பதில்லை. பழக்கம். எழுதியாயிற்று, இனி அதன் பாடு. இன்றைக்குத் திறந்ததும் படிக்க இல்லை. எதிர்க் கடையைப் பார்க்காமல் இருக்க முகத்துக்கு முன்னால் ஏதாவது வேண்டியிருந்தது. புத்தகக் காட்சியில் எதிர்க் கடையைப் பார்க்காமல் இருப்பது பெரிய வேலை. தரை முழுக்கப் பலகை, அதன் மேல் சிவப்புக் கம்பளம். யார் நடந்தாலும் என் நாற்காலி அதிர்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் போகிறார்கள். வரிசை வளைந்து நெளிந்து மிளகாய் பஜ்ஜி வாசனை வருகிற வாசல்வரை போயிருக்கிறது. பஜ்ஜிக்கு நிற்கிறவர்களும் இவனுக்கு நிற்கிறவர்களும் எங்கே பிரிகிறார்கள் என்று தெரியவில்லை. பிரியவே இல்லையோ என்னவோ.

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். நான் சொல்லத் தேவையும் இல்லை, கடை முகப்பில் ஆளுயரத்துக்கு எழுதி விளக்குப் போட்டிருக்கிறார்கள். முன்னால் ஒரு டாக்டர் பட்டம் வேறு. எந்த ஊர்ப் பல்கலைக்கழகம் கொடுத்ததோ. தலைக்குச் சாயம். பக்கத்தில் வெந்நீர்க் குடுவை. "பேரென்னம்மா?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்கிறான், இங்கே வரைக்கும் கேட்கிறது. அந்தப் பெண் சொன்னதும், "நல்ல பேரு. யார் வச்சது, அப்பாவா?" என்கிறான். இப்படி ஆளுக்கு ஒரு கேள்வி. ஒரே கேள்வியை இரண்டு பேரிடம் கேட்டுவிடுவான் என்று காத்துக்கொண்டிருக்கிறேன். கேட்கவில்லை. நடுவில் கையை உதறிக்கொண்டான். கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை வலிக்கிறதாம். எனக்கும் வலிக்கிறது. எனக்கு வாதம். என் பேனா மேஜையில் மூடி கழற்றி வைத்திருந்தது, மை காய்ந்துவிடும் என்று மூடி வைத்தேன். யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள். யார் பார்ப்பது. இரண்டு நாளாக அவனிடமிருந்து போன் வருகிறது. என் போனில் அவன் எண்ணுக்கு 'எடுக்காதே' என்று பெயர் வைத்திருக்கிறேன். 'எடுக்காதே அழைக்கிறார்' என்று திரையில் வரும். எடுப்பதில்லை. பத்தடித் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணுகிறான், எழுந்து வந்தால் என்ன. வந்தால் வரிசையும் கூடவே வந்துவிடும், அதனால்தான். ஒரு சந்தோஷம் எனக்கு உண்டு. அவனுடைய புதுப் புத்தகம் இன்னும் வரவில்லை. முதல் நாளே வரும் என்று அலாரம் படம் போட்டுச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். தினமும் ஆள் வந்து கேட்கிறது. "பைண்டிங்ல இருக்கும்மா, இதோ வந்துரும்," என்கிறார்கள் அவன் கடையில். இருக்கட்டும். நன்றாக இருக்கட்டும். என்னுடையது வந்துவிட்டது. பதினோரு வருஷம் எழுதிய நாவல். முதல் நாளே ஒன்று விற்றும் விட்டது.

அந்த ஒன்று. அதுதான் இப்போது தொல்லை. முதல் நாள் நான் வருவதற்குள் ஒரு பிரதி போயிருந்தது. "ஒண்ணு போச்சு சார்," என்றாள் மரகதவல்லி. என் பதிப்பாளர். புருஷன் ஆரம்பித்த பதிப்பகத்தை அவர் போன பிறகும் விடாமல் நடத்துகிறவள், இந்தக் கடையும் அவளுடையதுதான். யார் வாங்கியது என்று கேட்டேன். "ஒரு வாசகர் சார்," என்று கட்டுப் பிரிக்கப் போய்விட்டாள். ஒரு வாசகர். அவரை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து வைத்திருக்கிறேன். முதல் நாள் அவர் வெறும் மூக்குக் கண்ணாடி. அடுத்த நாள் தாம்பரம் பக்கம் குடிவைத்தேன், மின்சார ரயிலில் ஜன்னலோரம் கொடுத்தேன். தபால் ஆபீசில் வேலை என்று வைத்தேன். பிறகு அது சரிப்படாமல் பள்ளிக்கூட வாத்தியாராக, கணக்கு வாத்தியாராக மாற்றினேன். கணக்கு வாத்தியார்தான் ஒழுங்காகப் படிப்பார், அவசரப்பட மாட்டார். நேற்று காலை பல் தேய்க்கும்போது அவர் எழுபதாம் பக்கத்தில் இருந்தார். இன்றைக்கு அண்ணன் வரப்போகிறான் என்று எனக்கே படபடப்பு. அந்தப் பதினாறு பக்கத்துக்காகத்தான் மீதி இருநூற்றுச் சொச்சமும் எழுதினேன். அண்ணன் கேட்டில் கை வைப்பான். உள்ளே விளக்கு எரியும். உள்ளே போக மாட்டான். அவ்வளவுதான் நடக்கும், ஆனால் அதற்குப் பதினாறு பக்கம் ஆகும். இப்போது என் வாத்தியார் ரயிலில் பக்கத்தைத் திருப்புகிறார். அலாரம். எதிரியின் கை. என்ன நினைப்பார். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைப்பார். இல்லை, இவனும் கடைசியில் இந்த வியாபாரத்துக்கு வந்துவிட்டான் என்று நினைப்பார். அதுதான் தாங்காது.

மரகதவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன சார் இது," என்றாள். "நீ சொல்லு," என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பக்க எண் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, தொண்ணூற்றேழு முதல் நூற்றுப் பன்னிரண்டு. எதிர்க் கடைக்காரனுக்கும் ஏழாவது பாரம், எனக்கும் ஏழாவது பாரம். பைண்டிங் சகாயமேரிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், "சார், தப்பா நினைக்கக் கூடாது. வெளியீட்டு விழாவுல புரொபசர் பேசினாரே, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. அப்போது புரியவில்லை, இப்போதுதான் புரிகிறது. பேராசிரியருக்கு முன்கூட்டியே ஒரு பிரதி போயிருந்தது. மேடையில் அரை மணி பேசினார். இந்த நாவலின் நடுவே நுகர்வுச் சமூகத்தின் குரலை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கும் துணிச்சல் தமிழுக்குப் புதிது என்றார். வாசகனின் கன்னத்தில் அறைகிற உத்தி என்றார். மேடைகளில் உளறுவது சகஜம் என்று நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். "அதான் சார் சொல்றேன், விட்டுடலாமா? நல்லாத்தானே பேசினாரு. எழுதவும் போறாராம்." மரகதவல்லி மோசக்காரி இல்லை. அவளுக்கும் அலுப்பு. "விட முடியாது," என்றேன். "யாருக்குத் தெரியப்போகுது சார்?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுதானே கேள்வி. புகார் சொன்னால் நான்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் தொண்ணூற்றாறைத் தாண்டவில்லை என்று நானே ஒலிபெருக்கியில் அறிவித்த மாதிரி ஆகிவிடும். தாண்டிய ஒரே ஆள் கைதட்டினார்.

சரி, எதற்குக் கைதட்டினார் என்று பார்ப்போம் என்று அவன் பாரத்தைப் படித்தேன். படிக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். குளிர்ந்த நீரில் குளியுங்கள். கண்ணாடியைப் பார்த்துச் சிரியுங்கள். உங்களை நீங்களே ஒரு நிறுவனமாக நினையுங்கள். சனியன். அப்பாடா என்றிருந்தது, இன்னும் நாலு பக்கம் வேகமாகத் தள்ளினேன். நூற்று நாலாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி. 'விடியுமுன் எழுந்தவனுக்கு முதலில் கேட்பது தன் வீட்டில் மற்றவர்கள் தூங்குகிற சத்தம்.' அதற்கு மேல் படிக்க முடியவில்லை. பேராசிரியர் மேடையில் கையைத் தூக்கி இரண்டு தடவை சொன்ன வரி இதுதான். என் நாவலில் மேற்கோள் காட்டத் தகுதியாக ஒரு வரி இருந்தது, அதை எழுதியது அவன். குப்பைக்கு நடுவில், போகிற போக்கில், யாருக்கோ அலாரம் வைக்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவனுக்கு மட்டும் எப்படி வருகிறது. நான் ஒரு வரிக்காக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். அவனுக்குத் தும்மல் மாதிரி வருகிறது. அப்போதும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னப் பத்திரிகை நடத்தினோம், திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில். மடிப்பது நாங்கள், ஸ்டேப்ளர் முள் அடிப்பது நாங்கள், படிப்பதும் பெரும்பாலும் நாங்கள். அதில் அவன் ஒரே ஒரு கதை எழுதினான். ஒன்றே ஒன்று. அதை மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தான், நான் இரவு முழுக்க வைத்திருந்து, ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல், திருப்பிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "பரவாயில்லை," என்றேன். அதைவிட நல்ல கதை நான் எழுதவில்லை, இன்றுவரை. அவன் அதற்குப் பிறகு கதையே எழுதவில்லை. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளிக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கப் போனான், அங்கிருந்து மேடை, அங்கிருந்து புத்தகம், அங்கிருந்து இந்த வரிசை. இவன் விற்கிறான் என்பதற்காக எரிகிறேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மரகதவல்லியும் நினைக்கிறாள். விற்கட்டும். மளிகைக் கடைக்காரன் விற்கிறான், அவன்மேல் எனக்கு என்ன. இவன் அந்தக் கதையை எழுதிவிட்டு, அது தன் கையில் இருந்தது என்றே தெரியாத மாதிரி கீழே போட்டுவிட்டுப் போனான். எனக்குக் கிடைத்திருந்தால் போட்டிருப்பேனா. அதுதான். அது மட்டும்தான். பஜ்ஜி வரிசை எல்லாம் சும்மா.

"தாத்தா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" ஒரு பெண், கையில் போன். எதிர்க் கடையில் இருக்கிற அவனையும் தன்னையும் சேர்த்துப் படம் எடுக்க என் மேஜை தோதாம். நகர்ந்துகொண்டேன். படத்தில் ஓரமாக என் முழங்கை விழுந்திருக்கும். "நீங்களும் ரைட்டரா?" என்றாள், பின்னால் என் புத்தகங்களைப் பார்த்து. "ஆமா." "எதைப் பத்தி எழுதுவீங்க?" "ஆளுங்களைப் பத்தி." "ஓ," என்றாள், பாவம் போல. என் நாவலை எடுத்து நடுவில் பிரித்தாள். பிரித்த இடத்தில் கொஞ்சம் படித்தாள். முகம் மலர்ந்தது. "இது சூப்பரா இருக்கே தாத்தா. அலாரம்." பிடுங்கி அடுக்கின் அடியில் வைத்தேன். "இது விற்பனைக்கு இல்லை," என்றேன். "அப்புறம் எதுக்குக் கடை?" என்றாள். கோபப்படாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பலகை அதிர அதிரப் போய்விட்டாள். ஒலிபெருக்கியில் யாரோ குழந்தையைத் தொலைத்திருக்கிறார்கள், பச்சைக் கவுன், ஐந்து வயது. என் சொந்த அண்ணன் வீட்டை விட்டுப் போய் நாங்கள் தேடியபோது ஒலிபெருக்கி கிடையாது. எழும்பூர் ஸ்டேஷனில் நானும் இவனும் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கிக் கேட்டோம். உயரமா இருப்பார், இடது புருவத்துல தழும்பு, இன்ன சட்டை போட்டிருப்பார். நான் கேட்கவே கூச்சப்பட்டு நிற்பேன், இவன்தான் கேட்பான். முன்பின் தெரியாதவனிடம் பேச இவனுக்கு அப்போதே வரும். அதுவும் பொறாமையாகத்தான் இருந்தது, அந்த நிலையிலும். என் அண்ணனைத் தேடுகிற வேலையைக்கூட என்னைவிட நன்றாகச் செய்கிறான் என்று. வண்டி கிளம்பிப் போன பிறகு பிளாட்பாரத்தில் இட்லி வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டேன். என் முதல் தொகுப்பு வந்தபோது மெய்ப்பு என்று போட்டு அவன் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை பார்க்கிறவன் இல்லை அவன். "உன் கதையில மழை பெய்யுதுடா, குடை மட்டும் நனையவே இல்ல," என்பான். சரியாக இருக்கும். அதனாலேயே அடுத்த புத்தகத்திலிருந்து நிறுத்திவிட்டேன். இப்போது என் எல்லாப் புத்தகத்திலும் உள் பக்கத்தில் 'மெய்ப்பு: ஆசிரியர்' என்றுதான் இருக்கும். யாரையும் நம்புவதில்லை. பார், நம்பாமல் என்ன லட்சணம். போன் அதிர்ந்தது. எடுக்காதே அழைக்கிறார். நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் நிற்கிறவரிடம் ஒரு நிமிஷம் என்று விரல் காட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எடுக்கவில்லை. இந்த விஷயம் தெரிந்திருக்கும், சிரிக்கக் கூப்பிடுகிறான். என் சரக்கு உன் புத்தகத்துல எப்படி இருக்கு என்று கேட்பான். கேட்காவிட்டாலும் நினைப்பான். வாத்தியார் இந்நேரம் எந்த ஸ்டேஷனில் இருப்பார். புத்தகத்தை மூடி மடியில் வைத்திருப்பார். ஜன்னல் வழியாகப் பார்ப்பார். திரும்பத் திறக்க மாட்டார்.

வெயில் தணிந்த நேரத்தில் சகாயமேரி வந்தாள். கடைப் பின்பக்கம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, கட்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "போன் எடுக்கலைன்னு திட்டாதீங்கக்கா, வண்டியில வந்துட்டிருந்தேன்," என்றாள் மரகதவல்லியிடம். கட்டைப் பிரித்து மேலே இருந்ததை என் கையில் கொடுத்தாள். என் நாவல். பசை வாசம் போகவில்லை. "தொண்ணூத்தேழு பாருங்கய்யா." பார்த்தேன். அண்ணனின் கை கேட்டின் மேலேயே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் அலாரம் வைக்கவில்லை. "எங்க தப்புத்தான்," என்றாள். "ரெண்டு பேரு புஸ்தகமும் ஒரே நேரத்துல ஓடுச்சு. ஒரே அளவு, ஒரே தாளு. அவசரத்துல ஏழாம் நம்பர்னு பார்த்து அந்தக் கட்டைத் தூக்கிட்டாங்க. உங்களுது கழிவுத் தாளோட கிடந்துச்சு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா லாரியில போயிருக்கும். முதல்ல அனுப்பினதைக் கொடுங்க, முதுகைப் பிரிச்சு அதையும் மாத்தித் தாரேன்." "உனக்கு யார் சொன்னது?" என்றேன். மரகதவல்லியே இப்போதுதான் பார்க்கிறாள். சகாயமேரி தாடையால் எதிர்க் கடையைக் காட்டினாள். "அவருதான். முந்தாநாள் காலையில புஸ்தகமும் கையுமா வந்து நின்னாரு. ராத்திரி பூரா படிச்சேன், நடுவுல நான் வந்துட்டேன்னாரு. கழிவுத் தாளுல உக்காந்து அவரே தேடினாரு, நல்ல வேட்டி வீணாப்போச்சு. இருக்கிறது ஒரே மெஷினு, உங்க புஸ்தகமே பாதியில நிக்குதே சாமின்னேன். என்னுது நிக்கட்டும், இதை முடின்னுட்டாரு. அதான் அவரு புஸ்தகம் இன்னும் வரல." நான் மரகதவல்லியைப் பார்த்தேன். முதல் நாள், நான் வருவதற்குள். அவள் கம்பளத்தைப் பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னாரு சார். சொன்னா நீங்க அந்த ஒண்ணையும் திருப்பி வாங்கிருவீங்கன்னாரு." தாம்பரம் போய்விட்டது. ஜன்னலோரம் போய்விட்டது. கணக்கு வாத்தியார் எழுந்து, புத்தகத்தை இருக்கையில் வைத்துவிட்டு, கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டார். அங்கே சாயம் போட்ட தலை உட்கார்ந்திருந்தது, வெந்நீர் குடித்துக்கொண்டு.

"இன்னொண்ணு சொன்னாருங்கய்யா," என்றாள் சகாயமேரி. "நூத்தி மூணாம் பக்கத்துல அண்ணங்காரரு போன அன்னிக்கு வெள்ளைச் சட்டைன்னு இருக்காம். ஆரம்பத்துல கோடு போட்ட சட்டையாம். அது உன் தப்பு இல்ல, எழுதினவன் தப்பு, அதுல கை வைக்காதேன்னு சிரிச்சாரு." நூற்று மூன்றைப் பிரித்தேன். வெள்ளைச் சட்டை. முதல் பாரத்தைப் பிரித்தேன். நீலக் கோடு. நீலக் கோடுதான். எழும்பூரில் பெட்டி பெட்டியாகக் கேட்டது, நீலக் கோடு போட்ட சட்டை, நீலக் கோடு போட்ட சட்டை, இவன் குரலில்தான் இன்னும் காதில் இருக்கிறது. பதினோரு வருஷம் எழுதினேன், நாலு தடவை மெய்ப்புப் பார்த்தேன், என் அண்ணன் சட்டையை நான் மறந்துவிட்டேன், இவன் மறக்கவில்லை. இதிலும் முந்திக்கொண்டான். ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் கொடுப்பார்கள். கூட்டம், கதை, அந்தத் தூங்குகிற சத்தம், இப்போது என் அண்ணன் சட்டையும். நெஞ்சு எரிந்தது, மத்தியானத்துப் புளியோதரை என்று வைத்துக்கொண்டேன். நன்றி சொல்ல எழுந்து போக முடியாது. முழங்கால். எழுந்தாலும் அந்த வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டும், பஜ்ஜிக்குப் பக்கத்தில். அவன் இன்னொரு பெண்ணிடம் பெயர் கேட்டுக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் செய்திருக்க மாட்டேன். பேனா மூடியைக் கழற்றினேன். புதுப் பிரதியின் உள் பக்கத்தைப் பிரித்தேன். மெய்ப்பு: ஆசிரியர். மை கொஞ்சம் காய்ந்துதான் இருந்தது, இரண்டு தடவை உதறினேன். ஆசிரியர் என்பதை அடித்தேன். பக்கத்தில் எழுதினேன், முகப்பில் விளக்குப் போட்டிருக்கும் நீளப் பெயரை அல்ல, மாடி அறையில் நான் கூப்பிட்ட பெயரை. "எதிர்க் கடையில கொடுத்துட்டுப் போ," என்று சகாயமேரியிடம் நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "யாருய்யா இது, ஆவுடை?"